டிக்கிக்குக் கீழே ஒரு புள்ளி

அக்டோபர் 9, வியாழன்

இன்று காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு, கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில், என் வீட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், உலக சரித்திரத்தின் போக்கையே மாற்றப்போகும் ஒரு வேலையைத் தொடங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கார் ஒன்றைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக டப்பாவில் வந்த கார். ஒட்டி முடித்தாகிவிட்டது. இனி அதன் மேல்கூட்டுக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். சும்மா சிவப்பு அல்ல. ஈ வந்து உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து இடுப்பொடிய வேண்டும்.

சென்னியப்பன் என்ற எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் பெயிண்ட் செக்‌ஷன். நான் வண்ணம் அடித்த மோட்டார்களை வரிசையாக வைத்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும். மிச்சத்தை வைத்துச் செவ்வாய்க் கிரகத்தில் வாழைக்கு நீர் பாய்ச்சலாம். என்ன, அவ்வளவும் கிணற்றுக்குள் இறங்கின. முப்பத்தோரு வருஷமாக என் கைவேலையைத் தவளைகள் மட்டுமே பாராட்டின. போன வருஷம்தான் மனிதர்கள் பார்த்தார்கள். மாடல் செய்பவர்கள் சங்கத்துக் கண்காட்சியில் என் நீலக் காருக்கு முதல் பரிசு. பேப்பரில் காரும் நானும். கார் நன்றாக விழுந்திருந்தது.

இந்த வருஷம் கண்காட்சி நவம்பர் பதினாறு, ஞாயிறு.

என் வீட்டுக்காரி துளசிமணிக்கு வேறு கணக்கு. செப்டம்பரிலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டுமாம். போன நவம்பரில் எனக்கு வாயுத் தொல்லை வந்தபோது ஒன்பது நாள் படுக்க வைத்து நெஞ்சுக்குள் ஸ்பிரிங் மாதிரி என்னமோ வைத்தார்கள். வாயுவுக்கு எதற்கு ஸ்பிரிங் என்று நான் கேட்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள். அதற்கு வருஷாந்திர சர்வீஸ் இப்போது.

“ஏனுங், எப்பப் போலாமுங்?”

“பெயிண்ட் முடியட்டும் துளசி. முடிஞ்ச மறுநாள் காலைல நானே முன்னாடி நடப்பேன்.”

வாக்குக் கொடுத்துவிட்டேன். ராஜ வம்சத்து வாக்கு.

அக்டோபர் 11, சனி

பிரைமர், அதாவது அடிப்பூச்சு. சாம்பல் நிறத்தில் ஒரு கை அடித்ததும் கார் தன் பாவங்களையெல்லாம் ஒப்புக்கொண்டது. அச்சில் வார்த்த கோடு, பசை வழிந்த தழும்பு, என் கட்டைவிரல் ரேகை, எல்லாம். ஆயிரம் நம்பர் உப்புத்தாள், பிறகு இரண்டாயிரம் நம்பர். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, ஒரே திசை.

கொட்டகைக்குப் பதினாறு படி. பாதியில் நின்று பக்கத்து வீட்டுத் தென்னையில் அணில் பார்த்தேன். இப்போதெல்லாம் தினமும் அதே படியில் அணில் பார்க்க வேண்டியிருக்கிறது. அழகான அணில்.

அக்டோபர் 13, திங்கள்

துளசியின் தம்பி நாச்சிமுத்து, லேத் பட்டறைக்காரன், பெயிண்ட் பீச்சும் காற்றுக்குக் கம்ப்ரஸர் கொண்டுவந்து தந்தான். முதல் சிவப்பு அடித்தேன். கெட்டியாகிவிட்டது. காய்ந்ததும் மேலெல்லாம் கமலாப்பழத் தோல்.

“என்ன மாமா, சொறி புடிச்சாப்ல இருக்குது?”

“மாப்ளே, இது முதல் பூச்சு. தாஜ்மஹாலும் முதல் நாள் செங்கல்லாத்தான் இருந்துச்சு.”

“தாஜ்மஹாலு கட்டுனவரு தின்னர் கலக்காம இருந்திருக்க மாட்டாரு மாமா.”

பட்டறைக்காரனுக்கு இவ்வளவு வாய் ஆகாது.

அக்டோபர் 14, செவ்வாய்

தேய்த்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

தின்னர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவந்தேன். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால் வழுவழுவென்று இறங்க வேண்டும், அதுதான் பதம். இறங்கியது. அடித்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்று பட்டு, சிவப்புக் கார் திருநீறு பூசிய பக்திப்பழம் போல் வெளுத்து நின்றது.

தேய்த்தேன்.

அக்டோபர் 18, சனி

வெற்றி! முரசு கொட்டுங்கள்!

நல்ல வெயில். காரை நாற்பது தடவை ஊதினேன், மூன்று தடவை துடைத்தேன். காருக்கு வெளியே அடிக்க ஆரம்பித்து, காரைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். கை நடுவில் நிற்கக் கூடாது. முதலில் பனி மாதிரி இரண்டு, பிறகு ஈரமாக ஒன்று. மூன்றாவது பூச்சில் சிவப்பு ஒரு நொடி குளம் மாதிரி தளும்பி, தானாகப் படுத்துக்கொண்டது. ட்யூப் லைட் அதன் கூரையில் கோணல் இல்லாமல் நேராகத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் என் மூக்குத் துவாரம் வரை தெரிந்தது.

துளசியைக் கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“நல்லா இருக்குதுங்.”

“அவ்வளவுதானா?”

“ரொம்ப நல்லா இருக்குதுங்,” என்றாள், யாரோ படுத்த படுக்கையாகிவிட்டதைச் சொல்வது போல.

தூசி விழாமல் முறுக்கு டின்னைக் கவிழ்த்து மூடிவிட்டு இறங்கினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

டின்னைத் தூக்கினால், டிக்கிக்குக் கீழே, இடது மூலையில், ஒரு கறுப்புப் புள்ளி.

எள்ளைவிடச் சிறிது. எள்ளின் பேத்தி. ஆனாலும் புள்ளி புள்ளிதான். தூசி விழுந்தால் மேலே விழ வேண்டும். கூரையிலும் பானெட்டிலும் இல்லாமல், வளைந்து உள்ளே போகிற அடிப்பக்கத்தில் எப்படி விழும்? கீழிருந்து மேலாக விழுகிற தூசியை என் முப்பத்தோரு வருஷத்தில் பார்த்ததில்லை.

“அடியிலதானுங்களே இருக்குது, யாரு பாக்கறாங்க?” என்றாள் துளசி.

“ஜட்ஜு டார்ச் அடிச்சு அடியிலதான் பாப்பாரு.”

“பாத்தாப் பாத்துட்டுப் போறாருங். அதுக்கு மறுபடியும் தேய்க்கோணுமா?”

பெயிண்டில் பதிந்த புள்ளியை எந்தப் பெயிண்டரும் துணியால் துடைக்க மாட்டான். இரண்டாயிரம் நம்பர் தாளைத்தான் எடுப்பான். எடுத்தேன். புள்ளி போனது. கூடவே மூலையில் சிவப்பும் போனது. ஒரு மூலை போனால் மொத்தமும் போன மாதிரி.

“அப்ப ஆஸ்பத்திரி?”

“பெயிண்ட் முடியட்டும் துளசி.”

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவே புகை. வண்ணம் அடிக்க முடியாது. அதிரசம் நான்கு தின்றேன் என்று துளசி சொல்கிறாள். நான் ஏழு வரை எண்ணியிருந்தேன். வாயு கொஞ்சம் தெரிந்தது. இடது தோள் வரை. அதிரசம் அப்படித்தான்.

அக்டோபர் 24, வெள்ளி

மறுபடியும் அற்புதம். சனிக்கிழமையை விடவும் ஒரு படி மேல். துளசியின் சாம்பிராணிப் புகை மேலே வராமல் படிக்கதவைச் சாத்திவிட்டு அடித்தேன். துளசி வந்து பார்த்தாள். உடனே இறங்கிப் போனாள்.

அக்டோபர் 25, சனி

புள்ளி.

அதே மூலை. அதே அளவு. ஒரு முடியிழை கூட நகரவில்லை.

தலை சுற்றுகிறது. எறும்பா? எறும்பு ஒரே இடத்துக்கு இரண்டு தடவை சாகப் போகாது. பல்லியா? பல்லி இவ்வளவு நிதானமாக வைக்காது. கம்ப்ரஸரில் எண்ணெய் கக்குகிறதா? கக்கினால் நூறு இடத்தில் கக்கும். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கம்ப்ரஸரைக் கழற்றச் சொன்னேன்.

“கண்ணாடி மாதிரி இருக்குது மாமா. இதுல எண்ணெய் வந்தா எம் மீசைய எடுத்துப்போடறேன்.”

“உனக்கேதுடா மீசை?”

“அதனாலதான் தைரியமாச் சொல்றேன்.”

தேய்த்தேன். துளசி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தேய்க்கத் தேய்க்க அவள் முகம் ஏன் அப்படிப் போக வேண்டும்? தேய்வது என் கார்.

அக்டோபர் 28, செவ்வாய்

அவசரத்தில் அடித்தேன். மோசம். பானெட்டில் ஒரு மயிர் விழுந்து ஒட்டிக்கொண்டது, கதவோரம் வழிந்தது. பார்க்கவே சகிக்கவில்லை. துளசி எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கீழே போனாள். ரசம் அமிர்தமாக இருந்தது.

அக்டோபர் 29, புதன்

புள்ளி இல்லை!

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லவே இல்லை. நன்றாக வந்தால் புள்ளி, கேவலமாக வந்தால் புள்ளி இல்லை. நல்லது கெட்டது தெரிந்து வருகிற புள்ளி. என் கம்பெனி மேலாளருக்கே அந்த அளவுக்குப் பெயிண்ட் தெரியாது. இந்தப் புள்ளியை ஜட்ஜாகப் போட்டுவிடலாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தேய்த்தேன்.

நவம்பர் 1, சனி

நேற்று அடித்தது மிக நன்றாக வந்தது. ஆகவே இன்று காலை புள்ளி.

இந்தத் தடவை தாளை எடுக்கவில்லை. இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, புள்ளியைத் தடவினேன். அப்படியே விரலோடு வந்துவிட்டது. அடியில் சிவப்பு கன்னம் மாதிரி மாசில்லாமல் இருந்தது. ஒரு குறையும் கிடையாது. முதல் தடவையும் இருந்திருக்காது.

விரலை முகர்ந்தேன். விளக்கெண்ணெய். கொஞ்சம் பச்சைக் கற்பூரம். முப்பத்து நாலு வருஷமாக என் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் இருக்கிற வாசனை. அவள் இன்னும் வீட்டிலேயே விளக்கில் பிடிக்கிற கண்மை.

கம்ப்ரஸரின் எண்ணெய்க் கரி என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் முடிந்துவிட்டது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மேலே கிளியர், அந்த நிறமில்லாத பளபளப்பு, ஒரு பூச்சு, அவ்வளவுதான் பாக்கி. ஆனால் எண்ணெய் பட்ட இடத்தை நம்பக் கூடாது என்று தோன்றியது. மொத்தக் காரையும் தேய்த்துவிட்டேன்.

“ஏனுங்?” என்றாள் துளசி.

“புள்ளி,” என்றேன். “என்ன பண்ணச் சொல்ற? பெயிண்ட் முடியலையே.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, முறுக்கு டின்னைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நவம்பர் 2, ஞாயிறு

பச்சைக்குழந்தைக்குத்தான் கன்னத்தில் பொட்டு வைப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரனின் பிளாஸ்டிக் காருக்கு எதற்குத் திருஷ்டிப் பொட்டு? அதுவும் யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து.

போன வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். நவம்பர் பதினேழு, பரிசு. பதினெட்டு, பேப்பரில் படம். ஒரு பக்கம் முழுக்கப் பீற்றியிருக்கிறேன். இருபத்தெட்டிலிருந்து ஒன்பது நாள் வெறும் தாள்.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்தான். கம்ப்ரஸரைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

“மாமா, ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறீங்க?”

“அக்கா அனுப்புச்சாளா?”

“ஆரும் அனுப்பல. பேப்பர்ல வந்து பத்தே நாள்ல...”

“அது வாயு, மாப்ளே.”

“வாயுவா? ஆம்புலன்ஸ்ல உங்க தலைய எம் மடியில வெச்சுட்டு வந்தேன் மாமா. மறுவாட்டி எங்கிட்ட வாயுன்னு சொல்லாதீங்க.”

பகடி பேசிப் பழகியவன் பகடி பேசாவிட்டால் பார்க்கவே பயமாக இருக்கிறது. அவனைக் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்காமல் போய்விட்டான்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. அணில்.

நவம்பர் 6, வியாழன்

உண்மையைச் சொல்கிறேன். இன்று அடித்ததைப் போல் இதுவரை நான் அடித்ததில்லை. இனி யாரும் அடிக்கப் போவதில்லை. வெயில் வந்தது, காற்று நின்றது, பதம் கூடியது, கை தானாகப் போனது. காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் கொட்டகையே அதில் இருந்தது. ஜன்னல், தகரம், தென்னை, நான்.

துளசி மேலே வந்து பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். முறுக்கு டின்னை இன்று அவளே கவிழ்த்து மூடினாள்.

காலையில் புள்ளி இருக்கும். புள்ளி இருந்தால் தேய்க்கலாம். தேய்த்தால் இன்னும் ஐந்தாறு நாள். அதற்குள் கண்காட்சி வந்துவிடும். அது முடிந்தால் வேறு ஏதாவது வரும். மணியார்டரை எதிர்பார்ப்பவன் போல் நிம்மதியாகப் படுக்கப் போகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

புள்ளி இல்லை.

டார்ச் அடித்தேன். கண்ணாடி வைத்தேன். மல்லாத்தினேன், கவிழ்த்தேன். இடது மூலை சுத்தமாகச் சிவந்திருந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு குறையில்லாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு பயந்ததில்லை. ஏன் வைக்கவில்லை? மறந்துவிட்டாளா? போன வாரம் வரை வைத்தவள் இன்றைக்கு ஏன் வைக்கவில்லை? கோபமா? என்மேல் இருந்த அக்கறை தீர்ந்துபோய்விட்டதா?

படியிலிருந்து குரல் வந்தது. “முடிஞ்சுதுங்களா?”

“பாத்துட்டிருக்கேன்.”

பத்து மணிக்கு அவள் காய் வாங்கப் போனாள். நான் பதினாறு படி இறங்கி, அலமாரியைத் திறந்து, மைச்சிமிழை எடுத்து, பல் குத்தும் குச்சியின் நுனியில் தொட்டு, மறுபடி பதினாறு படி ஏறினேன். ஏறும்போது இரண்டு தடவை அணில் பார்த்தேன். காரை மல்லாத்திப் பிடித்து, டிக்கிக்குக் கீழே கச்சிதமாக ஒரு புள்ளி வைத்தேன். இந்தக் கை மோட்டார் வேலை செய்த கைதான். எள்ளின் பேத்தி அப்படியே வந்து உட்கார்ந்தாள்.

அவள் வந்ததும் உச்சக் குரலில் கூப்பிட்டேன்.

“பாத்தியா துளசி! மறுபடியும் வந்துருச்சு! இந்தப் பெயிண்ட் முடியவே முடியாது போலிருக்கே! எல்லாம் என் தலையெழுத்து!”

அவள் காரை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். 

“இது நான் வெச்சதில்லீங்,” என்றாள்.

நான் தகரத்தைப் பார்த்தேன்.

“நான் எடப்பக்கந்தான் வெப்பேன். இது சோத்தாங்கைப் பக்கம் இருக்குது.”

  அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

“நேத்து ஏன் வெக்கல?” என்று கேட்டேன்.

“போன வருஷம் அத்தன பேரு பாத்தாங்க. அந்தக் கண்ணு உங்க மேல விழுந்துபோச்சுன்னுதான் இந்த வருஷம் பொட்டு வெச்சேன். நான் ஒண்ணு வெக்க, நீங்க ஒரு வாரம் தள்ளிப்போட்டீங்க. மறுபடியும் வெச்சேன், மறுபடியும் தள்ளிப்போட்டீங்க. என்ற பொட்டே உங்கள ஆஸ்பத்திரிக்குப் போக விடாமப் பண்ணுதுன்னு அப்புறந்தான் வெளங்குச்சு. கண்ணு பட்டாப் படட்டும், டாக்டரு பாத்தாப் போதும்னு நேத்து விட்டுப்போட்டேன்.”

நேற்று ராத்திரி பொட்டு வைக்காமல் இவள் எப்படித் தூங்கியிருப்பாள்? நான் நன்றாகத் தூங்கினேன்.

“நீங்க ஏனுங் வெச்சீங்க?”

கம்ப்ரஸர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

“பயமா இருக்குதுங்களா?”

தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அவளுக்குப் புரிந்தது.

அந்தப் பொட்டைத் துடைக்கலாமென்று எண்ணெயைத் தேடினேன். விடவில்லை.

“இருக்கட்டுமுங்.”

“மையி எண்ணெய்ப் பசை துளசி. மேல கிளியர் அடிச்சா அந்த இடத்துல ஒட்டாது, பள்ளம் விழும்.”

“அப்ப அடிக்காதீங்.”

“பளபளப்புக் கொறையும். பரிசு கெடைக்காது.”

“பெயிண்ட் முடிஞ்சுதா இல்லியா, அதச் சொல்லுங்.”

“முடிஞ்சுது,” என்றேன்.

நவம்பர் 8, சனி

துளசியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து திங்கட்கிழமைக்குப் பதிவு செய்தாள். என்ன பிரச்சினை என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள். அவள் வாயு என்று சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

நடை மெஷினில் ஏற்றினார்கள். பழனி வரை நடந்து காட்டுவது என்றுதான் ஏறினேன். நான்காவது நிமிடம் அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டாள். பழனி என்ன, ஆவாரம்பாளையம் தாண்டியிருக்க மாட்டேன்.

டாக்டர் சின்ன வயசு. ஏதாவது தொந்தரவு உண்டா என்றார். சொல்வதற்கு நல்ல நல்ல வசனங்கள் தயாராக இருந்தன. துளசி பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க வீட்டுல பதினாறு படிங்க. ஒம்பதாவதுல நின்னுடறேன். நெஞ்சு இறுக்குது. இடது தோளு வரைக்கும் வருது.”

“எவ்வளவு நாளா?”

“ஆடி மாசத்துல இருந்துங்க.”

துளசி என்னைத் திரும்பிப் பார்த்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. ஃபைலின் ஓரத்தை அவள் மடித்து மடித்து நீட்டினாள்.

இன்னோர் இடத்தில் அடைப்பு இருக்கலாமாம். மத்தியானமே குழாய் விட்டுப் பார்த்து, தேவையென்றால் அப்போதே சரிசெய்துவிடலாம் என்றார். இன்னும் ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்து, துளசியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல பையன்.

ஞாயிற்றுக்கிழமை காரை நாச்சிமுத்து கொண்டுபோய் வைப்பான். ஜட்ஜு டார்ச் அடித்துக் கேட்டால் என்ன சொல்லட்டும் என்றான். “எங்க அக்கா வீட்டுக்காரருதுன்னு சொல்லு, போதும்” என்றேன். “ஏன் மாமா, பெருசா ஒண்ணும் சொல்ல வேண்டாமா?” என்று சந்தேகமாகக் கேட்டான். ஜுரமா என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தான்.

மோதிரம், கடிகாரம், அரைஞாண் எல்லாம் கழற்றித் துளசியிடம் கொடுத்தாகிவிட்டது. பச்சை அங்கி மாட்டிவிட்டார்கள். முதுகுப் பக்கம் திறந்து கிடக்கிறது. எந்த மகாராஜாவையும் இப்படி ஒரு உடையில் பட்டத்துக்கு உட்கார வைத்திருக்க மாட்டார்கள். துளசி பின்னால் வந்து இரண்டு நாடாவையும் முடிச்சுப் போட்டாள். மூன்று தடவை போட்டாள்.  இந்தப் பக்கத்தில் என் எழுத்தும் கோணலாகத்தான் விழுகிறது.

“பயப்படாதீங்,” என்றாள்.

“நீ?”

“நான் இங்கயேதான் இருக்கேன்.”

தள்ளுநாற்காலி வந்துவிட்டது. நோட்டை அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் படித்தால் படிக்கட்டும்.

போய்விட்டு வருகிறேன்.